ம

மாத அட்டவணையை நான்தான் ஒட்டுகிறேன்,
சக்கர நாற்காலியின் உயரத்துக்கு,
எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன்.
திங்கள் பிங்கோ.
செவ்வாய் நகப்பூச்சு.
புதன் லூத்தரன் பாதிரியார்,
பனிப்புயலென்று அவர் வராவிட்டால் பலூன் பந்து.
வெள்ளி இரண்டரைக்கு யாருக்காவது பிறந்தநாள்.

துலூத், மூன்றாம் மாடி, ஏரி பார்த்த பக்கம்.
ஜனவரியில் ஏரி எது வானம் எது என்று
ஜன்னல் காட்டிக்கொடுப்பதில்லை.

பிங்கோவில் பரிசு வாழைப்பழம்.
வெர்னா டோலஃப்சன் போன வாரம் மூன்று ஜெயித்து
மூன்றையும் கைப்பைக்குள் பூட்டிக்கொண்டாள்.
வியாழனன்று மோப்பம் பிடித்துப் போனோம்.
"வெளியே வைத்தால் திருடு போகும்" என்றாள்.

ஆட்களைக் கூட்டுவது பாதி வேலை.
எழுதுவது மீதிப் பாதி.
ஆண்டுக்கொருமுறை மாநில அதிகாரிகள் வருவார்கள்,
பெயருக்கு நேரே கட்டம், கட்டத்தில் ஓரெழுத்து பார்க்க.
ப என்றால் பங்கேற்றார்.
வே, வேடிக்கை பார்த்தார்.
தூ, தூங்கிவிட்டார்.
ம, மறுத்தார்.

முந்நூற்றுப் பதினான்கு, ஆர்னி ஸ்காக்லண்ட்:

ம ம ம ம ம ம ம
ம ம ம ம ம ம ம
ம ம ம ம ம ம ம

முப்பத்தோராண்டு இரும்புத்தாதுக் கப்பலில்
சுக்கான் பிடித்தவர்.
இப்போது கட்டில் கம்பியைப் பிடித்திருக்கிறார்.
பத்து மணிக்குத் தட்டுவேன்.
"ஆர்னி, இன்று களிமண்."
"வேண்டாம்."
"நாய் வருகிறது. பெயர் வாஃபிள்."
"அதற்கு வேறு பிழைப்பு இல்லையா?"
"நாற்காலி யோகா."
கொஞ்சம் தாமதித்தார்,
பொருத்தமான வசவைத் தேடி.

மார்ச்சில் என் மகனுக்கு டான்சில் அறுவை,
ஒரு வாரம் விடுப்பு.
எனக்குப் பதிலாக வந்த பெண்
அந்த வரிசையைப் பார்த்தாள், கதவைத் தாண்டிப் போய்விட்டாள்.
புத்திசாலி.

திரும்பிய அன்று செவிலி யோலண்டா சொன்னாள்:
ஐந்து நாளும் ஒன்பதே முக்காலுக்குச் சவரம் கேட்டார்,
பொத்தான் கழுத்துவரை போடச் சொன்னார்,
கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.
வெள்ளியன்று கேட்டாராம்,
"இன்றைக்கு எது வேண்டாமென்று கேட்க
யாரும் வரவில்லையா?"

அதன்பிறகு அவருக்கென்று தனியாகத் திட்டம் போட்டேன்.
மறுக்கத் தகுந்தவை.
பொம்மைக்குப் பாவாடை தைத்தல்.
பாதிரியாரோடு தட்டாட்டம்.
ஒரு செவ்வாயன்று, செவ்வாய்க்கே பயணம்,
மதிய உணவு உட்பட.
"உணவு என்ன?"
"மீன். நம் ஏரி மீன்தான்."
"முள் எடுத்ததா?"
"எடுக்காதது."
நெடுநேரம் யோசித்தார். ஜன்னலைப் பார்த்தார்.
வயிற்றைத் தடவினார்.
"வேண்டாம்" என்றார்,
விருந்து முடித்து ஏப்பம் விடுகிறவர் போல.

அன்று கட்டத்தில் ப போட்டேன்.

"எதில் பங்கேற்றார்?" என்றார் அதிகாரி.
"மறுப்பதில்.
வாரம் ஐந்து நாள், தனிநபர், பன்னிரண்டு நிமிடம்."
பேனா நின்றது.
பிறகு, காபி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

அக்டோபர் பத்தொன்பதின் கட்டம் காலி.
அதற்கான எழுத்து எங்கள் பட்டியலில் இல்லை.

இப்போது அந்த அறையில் ஐனெஸ் பெல்கோனென்.
எதற்கென்று சொல்வதற்குள் வருகிறேன் என்பாள்.
ப ப ப ப ப.
பார்க்க அழகான வரிசை. அதிகாரிக்குப் பிடிக்கும்.

நேற்று பத்து மணிக்கு, பழக்கதோஷம்,
நாக்கு முந்திக்கொண்டது:
"ஐனெஸ், செவ்வாய்க்குப் போகலாமா?
மதியம் மீன்."

நான் திருத்திச் சொல்வதற்குள்
கோட்டுக்குள் ஒரு கையை விட்டிருந்தாள்.
மறு கைக்கு என்னைப் பார்த்தாள்.

முள்ளைப் பற்றிக் கேட்கவே இல்லை.